கிட்னி மாற்றியவர் ‘ஒரே ஒரு பீர்’ குடிக்கலாமா?

கேட்டவர் ஒரு தங்கை. அண்ணனுக்கு 41 வயது, ஊர் பாபநாசம் பக்கம். அம்மா கொடுத்த கிட்னியை வைத்து 14 மாதம் ஆகிறது. கடைசி ரிவியூவில் கிரியாட்டினின் 1.3 (கிட்னி எப்படி ஓடுகிறது என்று காட்டும் ரத்தக் கணக்கு, ஏறினால் கெடுதல்). தை மாதம் மாமா பையனுக்குக் கல்யாணம். “டாக்டர் தவிர்க்கத்தானே சொன்னார், கூடாது என்று சொல்லவில்லையே, பீர் கிட்னிக்கு நல்லதுதானே” என்கிறாராம் அண்ணன். “பேசாமல் விட்டுவிடுவதா, சண்டை போடுவதா?” என்பது தங்கையின் கேள்வி.

நான் டாக்டர் இல்லை. டெல்டாவில் டயாலிசிஸ் டெக்னீஷியனாக 19 வருடம் வேலை பார்க்கிறேன். கிட்னி மாற்றிக்கொண்டு சந்தோஷமாகப் போனவர்களில் சிலர் திரும்பவும் என் யூனிட் நாற்காலிக்கே வந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களோடு நாலு மணி நேரம் பேசிக்கொண்டே இருப்பதுதான் என் வேலையில் பாதி. அந்த அனுபவத்தையும் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் பதில். வேண்டாம். 14 மாதத்தில், அதுவும் கல்யாணப் பந்தலில், வேண்டவே வேண்டாம். ஆனால் நீங்கள் நினைக்கிற காரணம் வேறு, நான் சொல்லப்போகிற காரணம் வேறு.

“தவிர்த்துக்கோங்க” என்று டாக்டர் சொல்வதை நம் ஆட்கள் “கொஞ்சமாப் போட்டுக்கோ” என்றுதான் மொழிபெயர்க்கிறார்கள். வெளியே அறுபது பேர் டோக்கனோடு காத்திருக்கும்போது டாக்டரும் ஃபைலைப் பார்த்தபடியே அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கம் திருப்புகிறார். இரண்டு பக்கமும் தப்பு இல்லை, ஆனால் நடுவில் ஒரு பீர் பாட்டில் நுழைந்துவிடுகிறது.

அந்த ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று பார்த்துவிடலாம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. பிராந்தி, விஸ்கி எல்லாம் லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். கணக்குப் போட்டால் உள்ளே சுத்தமான ஆல்கஹால் கிட்டத்தட்ட 60 கிராம். ‘கட்டிங்’ என்று இரண்டு பேர் பாதியாக்கிக் குடித்தால் ஆளுக்கு 30 கிராம். பீரை எல்லோரும் பச்சத் தண்ணி மாதிரி நினைக்கிறார்கள். 650 மில்லி பாட்டிலில் 8 சதவீதம் உள்ள ஸ்ட்ராங் பீர் என்றால் 40 கிராம் வந்துவிடுகிறது, அதாவது ஒரு கட்டிங்கைவிட அதிகம். பிரிட்டனில் நல்ல உடம்புக்காரர்களுக்கே வாரம் முழுக்கச் சேர்த்து 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் ஒரு யூனிட் 8 கிராம். ஆக வாரத்துக்கு 112 கிராம். இரண்டு குவார்ட்டர் அடித்தால் அந்த வாரக் கணக்கு தாண்டியாயிற்று. நம் கல்யாணத்தில் அது ஒரு ராத்திரிக் கணக்கு.

சாதாரண ஈரல் ஒரு மணி நேரத்தில் சுமார் 8 கிராம் ஆல்கஹாலைத்தான் கரைக்கும். ஏழு மணிக்கு ஒரு குவார்ட்டர் ஆரம்பித்தால் விடியற்காலை மூணு மணி வரை ரத்தத்தில் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நடுவில் ஒன்பது மணி வருகிறது.

என்ன ஒன்பது மணி? மாத்திரை நேரம். கிட்னி மாற்றியவர்களில் பெரும்பாலோருக்கு டேக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், ஸ்டீராய்டு என்று மூன்று மருந்து. அதில் டேக்ரோலிமஸ் பொல்லாதது. ரத்தத்தில் அது கொஞ்சம் குறைந்தால் உடம்பு புதுக் கிட்னியை அந்நியன் என்று அடையாளம் கண்டு அடிக்க ஆரம்பிக்கும், அதுதான் ரிஜெக்‌ஷன். கொஞ்சம் கூடினால் மருந்தே கிட்னியின் ரத்தக் குழாயைச் சுருக்கிக் கெடுக்கும். ஆண்டு கடந்தவர்களுக்குப் பெரும்பாலும் 5-லிருந்து 8-க்குள் லெவலை வைக்கப் பார்ப்பார்கள். அந்தச் சின்ன இடைவெளிக்குள் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் காலை ஒன்பது, ராத்திரி ஒன்பது என்று 12 மணி நேரக் கணக்கு.

பட்டுக்கோட்டைப் பக்கம் தேங்காய் வியாபாரம் பார்த்தவர் ஒருவர். மனைவியின் கிட்னி. மூன்று வருடம் ஓட்டிவிட்டார், கிரியாட்டினின் 1.4-ஐத் தாண்டியதே இல்லை. ஒரு தீபாவளிக்கு அப்புறம் கால் வீங்கி வந்தார், 3.8. மனைவி கையோடு அந்த மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்திருந்தார், திங்கள் முதல் ஞாயிறு வரை பகலுக்கும் இரவுக்கும் தனித்தனி மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று நாளிலும் இரவு மூடி திறக்கவே இல்லை. ஸ்ட்ரிப்பிலிருந்து உரித்துப் போட்ட கேப்ஸ்யூல்கள் ஐப்பசி ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அந்த டப்பாவை அந்த அம்மா மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அவர்தான் மெதுவாகச் சொன்னார்: “சரக்கு போட்ட அன்னைக்கு மாத்திரை போட்டா விஷமாயிடும்னு நிறுத்திட்டேன்.”

இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன் தெரியுமா? குடித்த அன்று மாத்திரை ஆகாது என்பது ஊரில் சட்டம் மாதிரி இருக்கிறது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற மெட்ரோனிடசோல் மாதிரி ஒன்றிரண்டு மருந்துக்குச் சொன்ன எச்சரிக்கை எல்லா மாத்திரைக்கும் பரவிவிட்டது. உங்கள் அண்ணனும் அதைத்தான் செய்வார், அதுவும் உடம்பு மேல் அக்கறை என்று நினைத்துக்கொண்டே செய்வார்.

சாராயம் கிட்னியைத் தொடுவதற்கு முன்னால் மாத்திரை டப்பாவைத் தொடுகிறது. நான் பார்த்தவரை புதுக் கிட்னி போன கதைகளில் பாதிக்கு மேல் இந்த வழிதான். சாதாரண டேக்ரோலிமஸ் கேப்ஸ்யூலுக்கும் ஒரு கிளாஸ் மதுவுக்கும் நேரடிச் சண்டை பெரிதாக இல்லை. மறந்த மாத்திரை, வேண்டுமென்றே விட்ட மாத்திரை, வாந்தியில் போன மாத்திரை, இவைதான் சண்டை. ஆகவே ஒன்றை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: அவர் சொல்பேச்சு கேட்காமல் குடித்தே விட்டாலும் ஒன்பது மணி மாத்திரையை விடக் கூடாது. குடித்தது ஒரு தப்பு, மாத்திரையை விட்டால் அது அதைவிடப் பெரிய தப்பு. மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தால் தானாக இன்னொன்று போட வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுக் கேளுங்கள்.

நாளுக்கு ஒரு தடவை மட்டும் போடுகிற டேக்ரோலிமஸ் என்றால் விஷயம் இன்னும் கொஞ்சம் கடுமை. அது மெதுவாகக் கரைவதற்கென்றே செய்தது. ஆல்கஹால் அந்தக் கரையும் வேகத்தை மாற்றிவிடலாம், அதனால் அதோடு மது கூடாது என்று அமெரிக்க மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. ஸ்ட்ரிப்பை எடுத்து அவருக்கு எந்த வகை என்று பார்த்துவிடுங்கள்.

இன்னொரு வேடிக்கை. மறுநாள் காலையில் வயிறு கலங்கி நாலைந்து தடவை போகிறது என்று வையுங்கள். மருந்தும் போய்விடும், லெவல் குறையும் என்றுதானே தோன்றும்? டேக்ரோலிமஸ் அப்போது ஏறும். பேதியில் குடல் அந்த மருந்தை வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே விட்டுவிடும். கை நடுங்கும், உடம்பில் தண்ணீரும் வற்றியிருக்கும், கிரியாட்டினின் ஏறும். முந்தின ராத்திரி நடந்ததை டாக்டரிடம் சொல்லாவிட்டால் அவர் ரிஜெக்‌ஷனா, மருந்து கூடிப்போனதா என்று இருட்டில் தேடுவார். கிட்னியில் ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்க்கிற பயாப்ஸி வரைக்கும் போகும். ஒரு உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த ஊசி மிச்சம்.

இதெல்லாம் வலிக்காதா, தெரியாதா என்று கேட்பீர்கள். புதுக் கிட்னியை அடிவயிற்றில் வைக்கும்போது ரத்தக் குழாயை இணைப்பார்கள், சிறுநீர்க் குழாயை இணைப்பார்கள், நரம்பை யாரும் இணைப்பதில்லை. பெரும்பாலும் அது வலி சொல்லாமலே கெடும்.

பீர் விஷயத்துக்கு வருவோம். கல்லுக்குப் பீர் நல்லது என்று நம் பக்கம் ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். பீர் குடித்தால் மூத்திரம் நிறையப் போவது உண்மை. மூத்திரத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லி மூளை அனுப்புகிற ஹார்மோனை ஆல்கஹால் அடக்கிவிடுவதால் போகிறது. கிட்னி கழுவப்படுவதில்லை, உடம்பு காய்கிறது. கிட்னி மாற்றியவரை நாளைக்கு இரண்டரை, மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்வது எதற்காகவோ, அதற்கு நேர் எதிர் வேலை. தை மாதம் பரவாயில்லை, இதே ஆள் சித்திரை வெயிலில் உளுந்து வயலில் நின்றுவிட்டு வந்து குளிர்ச்சி என்று ஒரு பீரைப் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பீரில் யூரிக் ஆசிட்டும் ஏறும். டேக்ரோலிமஸ் ஏற்கனவே யூரிக் ஆசிட்டை வெளியே போகவிடாமல் தடுக்கிறது. விளைவு, கால் கட்டைவிரல் வீங்கிச் சிவந்துபோய் ராத்திரி தூக்கமில்லை. உடனே மருந்துக் கடையில் டைக்ளோபினாக் வாங்கிப் போடுவார்கள். அந்த வலி மாத்திரை கிட்னிக்கு எமன். காலையில் தலைவலி என்று போடுகிற ஐபுபுரூஃபனும் அப்படித்தான்.

சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றையும் மருந்துகளே ஏற்றிவிடுகின்றன. மதுவும், கூட வருகிற மிக்சரும் ஊறுகாயும் அதன் மேல் ஏறி உட்காருகின்றன. சைட் டிஷ் எந்தக் கையால் தொட்டு, எந்தத் தண்ணீரில் கழுவி வந்தது என்பது தனிக் கவலை. எதிர்ப்பு சக்தியைப் பாதியாக்கி வைத்திருக்கிற உடம்பு இது.

இடுப்பு எலும்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் நான் சொல்கிறேன். அடிபடாமலே தொடை எலும்பின் பந்துப் பகுதி ரத்தம் போகாமல் செத்துப்போகிற ஒரு நோய் இருக்கிறது. அதற்கு முக்கியக் காரணம் இரண்டு: ஒன்று ஸ்டீராய்டு, இன்னொன்று குடி. முதல் காரணம் உங்கள் அண்ணனிடம் தினமும் காலையில் ஒரு மாத்திரையாக இருக்கிறது. நாற்பத்து மூன்று வயதில் இடுப்பு மாற்றிக்கொண்டு, சம்மணம் போட்டுப் பந்தியில் உட்கார முடியாமல் நாற்காலி தேடுகிறவரை எனக்குத் தெரியும். கிட்னி அவருக்கு இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது.

அப்புறம் ஈரல். டயாலிசிஸில் நிறைய நாள் இருந்தவர்களில் சிலருக்கு ஹெபடைட்டிஸ் சி தொற்றியிருக்கும். இப்போது அதற்கு நல்ல மாத்திரைகள் வந்துவிட்டன, மூன்று மாதத்தில் குணமாகிறது. ஆனால் வைரஸ் போனாலும் அது போட்ட தழும்பு ஈரலில் இருக்கலாம். பழைய ஃபைலைப் புரட்டி அண்ணனுக்கு பி, சி இரண்டும் என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள். பாசிட்டிவ் இருந்தால் இந்தப் பேச்சே கிடையாது.

இனி, உங்கள் அண்ணன் எப்படியும் எடுத்துப் போடப்போகிற ஒரு துருப்புச் சீட்டு. நெதர்லாந்தில் குரோனிங்கன் ஊரில் கிட்னி மாற்றிய 600 பேரைப் பார்த்து 2011-இல் ஒரு ஆய்வு வந்தது. அளவாகக் குடித்தவர்களுக்குச் சர்க்கரை நோயும் சாவும் குறைவாக இருந்தன என்று அதில் இருந்தது. உண்மைதான், அப்படித்தான் வந்தது. ஆனால் குடிக்காதவர்கள் ஏன் குடிக்கவில்லை என்று பாருங்கள். உடம்பு முடியாமல் நிறுத்தியவர்களும் அந்தக் கூட்டத்தில்தானே இருப்பார்கள். அங்கே ‘அளவு’ என்பது நாளுக்கு 10-லிருந்து 30 கிராம் ஆல்கஹால். மூன்று மாதம் ஒன்றுமில்லாமல் இருந்து கல்யாணத்தில் ஒரே ராத்திரி முழுப் பாட்டிலைக் காலி செய்கிற கணக்கு அதில் வரவே வராது. இன்னொரு பக்கம், அமெரிக்காவின் கிட்னி நோயாளிகள் பதிவேட்டை வைத்து 2007-இல் வந்த ஆய்வில், குடிக்கு அடிமையாக இருந்தவர்களுக்குக் கிட்னி போவதும் உயிர் போவதும் அதிகம் என்று வந்தது. 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் எந்த அளவும் பாதுகாப்பான அளவு இல்லை என்றே சொல்லிவிட்டது. அதற்கு முக்கியக் காரணம் புற்றுநோய். எதிர்ப்பு சக்தியை அடக்கி வைத்திருப்பதால் கிட்னி மாற்றியவர்களுக்கு அந்த ஆபத்து ஏற்கனவே கூடுதல்.

நேர்மையாக ஒன்று. வருடங்கள் கடந்து, லெவல் ஆடாமல், சர்க்கரை, ஈரல் எல்லாம் சரியாக இருந்து, எப்போதோ ஒரு தடவை ஒரு சின்ன கிளாஸ் எடுத்தால் பெரிய கெடுதல் வராது என்று சில டாக்டர்கள் வெளிநாட்டிலும் இங்கேயும் சொல்வதுண்டு. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஒரு சின்ன கிளாஸோடு எழுந்து வருகிறவரை நம் ஊர்ப் பந்தலில் நான் பார்த்ததில்லை. மச்சான்கள் விடமாட்டார்கள்.

நம் பக்கத்துக்கே உரிய சில விஷயங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மயிலாடுதுறை, நாகப்பட்டினம், திருவாரூர்க்காரர்களுக்குக் காரைக்கால் பக்கத்தில் இருக்கிறது. விலை குறைவு என்று அங்கிருந்து பெட்டி பெட்டியாக வருகிற சரக்கில் எது அசல், எது வேறு இடத்தில் நிரப்பியது என்று யாருக்கும் தெரியாது. கள்ளச் சாராயத்தில் மெத்தனால் கலந்து 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் ஆசிட்டாக மாறிக் கண்ணைப் பறிக்கும், கிட்னியையும் பறிக்கும். கள் இயற்கைதானே என்பார்கள். அது புளிப்பதே கிருமிகளால்தான், காய்ச்சாதது, பானையில் என்ன விழுந்திருக்கும் என்று மரம் ஏறுகிறவருக்கே தெரியாது. கிட்னி மாற்றியவருக்கு அது போதையைவிடத் தொற்றுக் கணக்கில்தான் ஆபத்து. அரிஷ்டம் குடிக்கிற வீடுகள் டெல்டாவில் நிறைய. அதில் தானாக உண்டாகிற ஆல்கஹால் கிட்டத்தட்ட பீர் அளவுக்கு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. குடித்ததற்குப் பரிகாரமாகக் கீழாநெல்லியை அரைத்துக் கொடுக்கிற பாட்டியையும் அன்போடு தடுத்துவிடுங்கள். மூலிகை எதுவானாலும் டேக்ரோலிமஸ் லெவலோடு விளையாடலாம்.

சண்டை போடுவதா என்று கேட்டீர்களே. “அம்மா கொடுத்த கிட்னிடா” என்பதை மட்டும் ஆயுதமாக எடுக்காதீர்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குற்ற உணர்ச்சி குடியை நிறுத்துவதில்லை, மறைக்கத்தான் வைக்கிறது. பட்டுக்கோட்டைக்காரர் மூன்று நாளும் வீட்டுக்குத் தெரியாமல் தோப்பில் உட்கார்ந்துதான் குடித்தார். வெளியே தெரிந்து குடித்திருந்தால் அவர் மனைவி மாத்திரையையாவது கொடுத்திருப்பார்.

கல்யாணத்துக்கு அவர் கையில் முன்கூட்டியே ஒரு வேலையைக் கொடுங்கள். பந்தி மேற்பார்வை, சமையல்காரர் கணக்கு, மாப்பிள்ளைக் கார் எதுவானாலும் சரி. கையில் சாவி இருக்கிறவரிடம் யாரும் கிளாஸை நீட்டுவதில்லை. நெருங்கிய மச்சான் ஒருவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி வைத்தால் மற்றவர்களை அவர் பார்த்துக்கொள்வார். இரவு மாத்திரையை ஸ்ட்ரிப்போடு வெட்டி அண்ணன் சட்டைப் பையில் வைத்து, ஒன்பது மணிக்கு நீங்களே ஒரு டம்ளர் தண்ணீரோடு போய் நில்லுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் அவர் தினமும் குடித்தவரா, இப்போது மறுபடி ஆரம்பித்துவிட்டாரா? அப்படியானால் இது கல்யாணப் பிரச்சினை இல்லை. தினசரி அதிகமாகக் குடிக்கிறவர் ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு, மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், ஆள் உளறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் பூட்டி வைத்து நிறுத்த முயலாதீர்கள், ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லிப் பொடி விற்கிறார்களே, அதைத் தொடவே தொடாதீர்கள். அதில் டைசல்ஃபிராம் இருந்து, மேலே அவர் குடித்தால் பிரஷர் விழுந்து ஆளே விழுந்துவிடலாம். டாக்டர் எழுதுகிற குடிமறப்பு மருந்துகளிலும் அகாம்ப்ரோசேட், பாக்லோஃபென் போன்றவை கிட்னி வழியாக வெளியேறுபவை, கிட்னி வேலை குறைந்திருந்தால் உடம்பில் தேங்கும். மனநல டாக்டரும் கிட்னி டாக்டரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டுதான் அதை ஆரம்பிக்க வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416-க்கு அடியுங்கள். அரசின் மனநல உதவி எண் அது, தமிழில் பேசுவார்கள், காசு இல்லை.

கடைசியாக ரிவியூ. கல்யாணம் முடிந்து அடுத்த வாரமே சென்னை போகிற மாதிரி தேதி இருந்தால் தள்ளிப் போடாதீர்கள், அதுதான் சரியான நேரம். உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் ஒன்பது மணி மாத்திரையை ரயிலில் போடச் சொல்லுங்கள். காலையில் லெவலுக்கு ரத்தம் கொடுத்த பிறகுதான் அடுத்த டோஸ். பழக்கத்தில் டீயோடு சேர்த்து முன்பே விழுங்கிவிட்டால் லெவல் கூடுதலாகக் காட்டும், டாக்டர் டோஸைக் குறைத்துவிடுவார். காலை மாத்திரையை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, கையில் பஞ்சு ஒட்டிவிட்டு அவர் வெளியே வந்த பிறகு கொடுங்கள்.